“குடிச்சா எங்க போறது, நர்சம்மா?”

பிரம்மதேசம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மலருக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமில்லை என்று உன் குரலிலேயே தெரிகிறது. போனில் உன்னோடு சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேச முடிகிறதா? “அத்தை, கேஸ் வந்துடுச்சு, அப்புறம் கூப்பிடறேன்” என்பாய். அந்த அப்புறம் வருவதேயில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ராத்திரி டியூட்டி முடிந்து, குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகு படி. சாப்பிடாமல் படிக்காதே.

ஊர்ச் சேதி அதிகமில்லை. மல்லாட்டை பிடுங்கிக் காயப் போட்டாச்சு. உனக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், வந்தால் அவித்துத் தருவேன். உன் அப்பா சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். மக்களைத் தேடி மருத்துவம் பெண் மாதம் தவறாமல் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, பிபியும் பார்த்துவிட்டுப் போகிறாள். நடக்கச் சொன்னால்தான் முட்டி வலி வந்துவிடுகிறது அவருக்கு. நீ ஒரு அதட்டல் போடு, உனக்குத்தான் அடங்குவார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ சொன்ன ஒரு பேச்சு என் மனசை விட்டுப் போகவில்லை. “ஹவுஸ் சர்ஜன்ல இந்த கம்யூனிட்டி மெடிசின் 12 வாரமும் வேஸ்ட் அத்தை. கேம்ப் போடறோம், பிபி பார்க்கறோம், பார்ம் நிரப்பறோம், பேனர் பிடிச்சு போட்டோ எடுக்கறோம். மத்தவங்க எல்லாம் ரூம்ல உக்காந்து நீட் பிஜிக்குக் கேள்வி போட்டுட்டிருக்காங்க” என்றாய். கோபமாகச் சொன்னாய். அந்தக் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது, கண்ணு. மீதிப் பாதிக்குத்தான் உன்னோடு சண்டை போடப் போகிறேன்.

கிராமத்து நர்ஸாகச் சைக்கிளில் சுற்றிய காலத்திலிருந்து நான் எத்தனையோ கேம்ப் பார்த்துவிட்டேன். வேன் வரும், சாமியானா போடுவார்கள், சாயங்காலம் வேன் போய்விடும். நீங்கள் முதல் வருடத்திலேயே குடும்பங்களைத் தத்தெடுத்தீர்களே, தேசிய மருத்துவ ஆணையம் உங்கள் பேட்சிலிருந்துதானே அதைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று முதல் ஐந்து குடும்பம், படிப்பு முடியும்வரை அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. நல்ல திட்டம்தான். மருத்துவமனைக்கு வருகிற நோயாளியை மட்டும் பார்த்துப் படித்தால், வர முடியாதவர்களைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் போய்விடும். ஆனால் பக்கத்து ஊர் ஆயா ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “படிக்கிற புள்ளைங்க நல்லா பாத்தாங்கம்மா. ரத்தம் கம்மின்னு எழுதிக்கிட்டாங்க. அப்புறம்?”

அந்த “அப்புறம்?” இருக்கிறதே, அதற்குப் பதில் சொல்வதுதான் உன் 12 வாரத்து வேலை என்று நினைக்கிறேன். பார்ப்பதும் எழுதுவதும் பாதி வேலை. எழுதியதை எடுத்துக்கொண்டு, அதைச் சரிசெய்யும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவர் முன்னால் போய் நிற்பது மீதிப் பாதி. அந்தப் பாதியைச் செய்யாததால்தான் முதல் பாதி உனக்கு வெறும் பார்மாகத் தெரிகிறது.

“நான் வெறும் ஹவுஸ் சர்ஜன், என் பேச்சை யார் கேப்பாங்க?” என்று இந்நேரம் வாய்க்குள் சொல்லியிருப்பாய். தெரியும். அதற்குத்தான் நிர்மலா கதையைச் சொல்கிறேன். பாதி உனக்குத் தெரிந்திருக்கலாம், முழுசாகக் கேள்.

1985 கடைசி. செல்லப்பன் நிர்மலா அப்போது சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவி. வயது 32, வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். எய்ட்ஸ் என்பது எங்கோ அமெரிக்காக்காரர்களுக்கு வருவது, நம் நாட்டில் அதெல்லாம் கிடையாது என்று படித்தவர்களே பேசிக்கொண்டிருந்த காலம். அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன், இதையே ஆய்வுக்கு எடுத்துக்கொள் என்றார். நிர்மலா முதலில் தயங்கினார். கட்டுப்பெட்டியான குடும்பம், பாலியல் தொழில் செய்யும் பெண்களை எங்கே போய்த் தேடுவது? அரசுப் பொது மருத்துவமனைக்கு வந்த சில பெண்களிடம் பழகி, அவர்கள் மூலம் மயிலாப்பூரில் அப்படிப்பட்ட பெண்களை வைத்திருந்த காப்பகத்தைத் தெரிந்துகொண்டார். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட, மூன்று மாதத்தில் எண்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் ரத்தம் எடுத்தார். கையுறை கிடையாது, பாதுகாப்பு எதுவும் கிடையாது. எடுத்த ரத்தத்தை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். சென்னையில் சோதித்துப் பார்க்க வசதி இல்லாததால் 1986 பிப்ரவரியில் கணவரோடு ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். அங்கே டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, அதாவது அவற்றில் கிருமி இருந்தது.

இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று நாட்டுக்குத் தெரிந்தது இப்படித்தான். கண்டுபிடித்தது டெல்லியில் உட்கார்ந்திருந்த பெரிய கமிட்டி இல்லை; தீசிஸ் எழுத வேண்டிய ஒரு மாணவி. அந்த மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். பலர் நம்பவில்லை, திட்டினார்கள். பிறகுதான் ரத்த வங்கிச் சோதனை, 1992-ல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, 1994-ல் தமிழ்நாட்டுக்கென்று தனிச் சங்கம் எல்லாம் வந்தன. மாசமான பெண்ணுக்கு எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்து, இருந்தால் மருந்து கொடுத்து, பிள்ளைக்குப் போகாமல் தடுக்கலாம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த நாள் ஞாபகம் இருக்கிறது. என் கையால் அப்படி அனுப்பி, நல்லபடியாகப் பிறந்த பிள்ளைகள் இன்று காலேஜ் போகிறார்கள். அந்த ஆறு டியூப் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் என்ன ஆகியிருப்பார்கள்?

ஆனால் மலர், இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதைப் பாடத்தில் அவ்வளவாகச் சொல்லமாட்டார்கள். எந்த நோய்க்கான சோதனை என்று அந்தப் பெண்களிடம் அப்போது சொல்லவில்லை. நோய் இருப்பது தெரிந்த பிறகு, இப்படிப்பட்ட பெண்களைக் காப்பகத்திலிருந்து வெளியே விடாமல் அடைத்து வைத்தார்கள். குற்றம் செய்தவர்கள்போல. பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் உயர் நீதிமன்றம்வரை போய் வழக்காடிய பிறகே, 1990-ல் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. நாட்டுக்கே பயன்பட்ட ரத்தம். அதைக் கொடுத்தவளுக்குக் கிடைத்தது பூட்டு. நீ எந்த வேலையை எடுத்தாலும் இதை மறக்கக் கூடாது. உன்னிடம் வாய் திறந்தவளுக்கு நாளைக்கு என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுத்தான் பேப்பரில் பேனாவை வைக்க வேண்டும்.

சரி, எதை எடுப்பது என்றுதானே கேட்கிறாய். எனக்குப் பல வருடமாக மனசில் இருப்பது உப்பளம்.

மரக்காணம் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் நான் இருந்தபோது நீ சின்னப் பெண். லீவுக்கு வந்தால் என் பின்னாலேயே வரப்பு வரப்பாக நடந்து வருவாய். வெள்ளையாக இருக்கிறதே என்று உப்பை அள்ளி வாயில் போட்டுத் துப்புவாய். அப்போது உனக்கு விளையாட்டு. பாத்தியில் இறங்கி உப்பு வாருகிற பெண்கள் விடிவதற்கு முன்னாலேயே வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள். காலில் உப்புத் தண்ணீர், தலைக்கு மேலே வெயில், உப்பில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கிற வெயில் இன்னொன்று. பாதம் வெடித்து, வெடிப்பில் உப்பு ஏறி எரியும். மாசமான பெண்களைத் தேடி நான் அங்கேயே போய்விடுவேன். சுகாதார நிலையத்துக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு என்று அவர்கள் வரமாட்டார்கள். நீர்க்கடுப்பு இல்லாத பெண்ணே அங்கே அபூர்வம். நானும் படித்ததைச் சொல்லுவேன்: “நிறைய தண்ணி குடிங்கம்மா.” ஒருத்தி நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: “குடிச்சா எங்க போறது, நர்சம்மா?”

சுற்றிலும் பார்த்தேன். மரம் இல்லை, புதர் இல்லை, மறைப்பு இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் வெட்டவெளி. ஆண்கள் வேலை செய்கிறார்கள். அதனால் காலையில் கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறாள். அவ்வளவு வியர்வை போகிற உடம்புக்குள் தண்ணீர் போகாவிட்டால் கிட்னி என்ன ஆகும் என்று நீதான் எனக்குச் சொல்ல வேண்டும். ஸ்ரீ ராமச்சந்திராவில் வித்யா வேணுகோபால் என்பவர் குழுவாகச் சேர்ந்து உப்பளத் தொழிலாளர்களுக்கு வெயிலும் தண்ணீர்க் குறைவும் சிறுநீரகத்தில் என்ன செய்கின்றன என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள், தேடிப் படி. எல் சால்வடார், நிகரகுவா பக்கம் கரும்பு வெட்டுகிற வாலிபர்களுக்கு, சுகரும் இல்லாமல் பிபியும் இல்லாமல் கிட்னி கெட்டுப்போகிறது என்று நீயே ஒருமுறை சொன்னாய். அங்கே குடிக்கத் தண்ணீர், உட்கார நிழல், இடையிடையே ஓய்வு என்று முறையாகக் கொடுத்துப் பார்த்தபோது பாதிப்பு குறைந்தது என்றும் சொன்னாய். மருந்தே இல்லாத வைத்தியம்! நம் பெண்களுக்கு அந்த மூன்றோடு நாலாவதாக ஒரு கழிப்பறையும் வேண்டும்.

இதைப் போய் “விழிப்புணர்வு முகாம்” என்று நடத்திவிடாதே, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அவர்களுக்கு விழிப்புணர்வு இருக்கிறது. தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். இல்லாதது கழிப்பறை. அறிவுரை சொல்லி முடித்தால் குறை அவள் தலையில் விழுகிறது. கழிப்பறை கேட்டால், கட்டிக் கொடுக்க வேண்டியவன் பதில் சொல்ல வேண்டியதாகிறது. டாக்டர் சொன்னால் அவனுக்கு உறைக்கும். நர்சம்மா சொன்னபோது உறைக்கவில்லை.

செய்கிற முறையில் கவனமாக இரு. முதலில் எதுவும் அளக்காமல், எழுதாமல், சும்மா போய் உட்கார்ந்து பேசு. அவர்கள் முதலில் சொல்வது வேறாக இருந்தால், கண்ணோ காலோ கூலியோ, அதை எடு. என் ஆசைக்காகக் கழிப்பறையைப் பிடித்துக்கொண்டு தொங்காதே. ஆய்வாகச் செய்வதாக இருந்தால் உங்கள் கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்கக் கூடாது. எதற்கு எடுக்கிறோம் என்று அவர்கள் பேச்சிலேயே சொல்லு, முடிவையும் அவர்களிடம்தான் முதலில் சொல்லு. பெயர் எழுதாதே, முகம் தெரிய போட்டோ எடுக்காதே. உப்பளக் குத்தகைக்காரருக்குக் கோபம் வந்து “நாளையிலேர்ந்து வராதே” என்று ஒருத்தியை நிறுத்திவிட்டால், உன் சர்டிபிகேட் அவள் வீட்டு அடுப்பை எரிக்காது. தனியாகப் போகாதே. அங்கே இப்போது இருக்கிற கிராம நர்ஸையும், மக்களைத் தேடி மருத்துவம் பெண்களையும் சேர்த்துக்கொள். நீ 12 வாரத்தில் கிளம்பிவிடுவாய், அவர்கள் அங்கேயே இருப்பார்கள். ஜூனியர் பிள்ளைகள் யாராவது ஆசைப்பட்டால் ஐ.சி.எம்.ஆர். குறுகிய கால ஆய்வு உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல், எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்காக 1979-லிருந்தே நடக்கிறது, இரண்டு மாத வேலை, பணமும் உண்டு. நீ விட்ட இடத்திலிருந்து ஒரு பிள்ளை தொடங்கலாம்.

நிலம் யாருடையது, குத்தகை யார் பெயரில் இருக்கிறது என்று முதலிலேயே விசாரித்து வைத்துக்கொள். அது தெரியாமல் எழுதிய மனு மேசை மேசையாகச் சுற்றும். நான் சர்வீஸில் பார்த்த பாடம் அது.

உன் அப்பாவோடு இதைப் பற்றிச் சண்டை போட்டாச்சு. ரேடியாலஜி கிடைத்தால் உன் வாழ்க்கை நிம்மதி என்பது அவர் கணக்கு. “டாக்டருக்கு எதுக்கு கக்கூஸ் கேக்கற வேலை?” என்றார். நீ முன்னொரு நாள் உன் புத்தகத்தில் காட்டினாயே, ஜெர்மனிக்காரர் விர்ச்சோ, அவரைச் சொன்னேன். 1848-ல், 26 வயதில், டைபஸ் காய்ச்சல் பரவிய ஊர்களைப் பார்த்துவர அரசாங்கம் அனுப்பியது. அவர் திரும்பி வந்து மருந்துப் பட்டியல் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடம், சாலை, விவசாயம், மக்களுக்கு உரிமை என்று எழுதிக் கொடுத்தார். உன் அப்பா கேட்டுவிட்டு, “அவருக்கு நீட் பிஜி இல்ல” என்று எழுந்து போய்விட்டார். நீ ரேடியாலஜியே படி, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சித்தேரி, சிட்லிங்கி என்று மலைக்குப் போய் உட்காரச் சொல்லவில்லை. டாக்டர்கள் ரெஜியும் லலிதாவும் 1993-ல் சிட்லிங்கியில் ஒரு குடிசையில் தொடங்கி, பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, அத்தனை பிள்ளைச் சாவுகளைக் குறைத்தார்கள். அவர்களைக் கும்பிடுகிறேன். எல்லாருக்கும் அது முடியாது. உன்னிடம் நான் கேட்பது இந்த 12 வாரத்தை மட்டும்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2023 மே மாதம், எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்தவர்களை முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரிக்கும் ஏற்றிக்கொண்டு போனார்களே, நம் மாவட்டத்தில் 14 பேர் செத்துப்போனார்களே, அன்றைக்கு நீ இங்கே இருந்தாய். இரண்டாம் வருடப் பெண். ராத்திரி முழுக்கத் தூங்காமல் புலம்பினாய். “மெத்தனால் உள்ள போனா பார்மிக் ஆசிடா மாறும் அத்தை, கண் நரம்பை அடிக்கும். கண்ணு மங்குதுன்னு சொன்ன நிமிஷமே தூக்கிட்டு வந்தா மருந்து இருக்கு, டயாலிசிஸ் இருக்கு” என்றாய். நம் ஊரில் என்ன செய்வார்கள்? போதை தெளியட்டும் என்று திண்ணையில் படுக்கப் போடுவார்கள். அடுத்த வருடம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். உனக்குத் தெரிந்த அந்த ஒரு விஷயம் அந்தத் தெருவில் நாலு வீட்டுக்காவது முன்னாலேயே தெரிந்திருந்தால் என்று நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு அழுத பெண் இன்று “வேஸ்ட்” என்று சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உன்மேல் கோபமில்லை. தூக்கமில்லாத உடம்பு அப்படிப் பேச வைக்கிறது.

தூங்கு. வெறும் வயிற்றில் டீ குடித்துக்கொண்டு ஓடாதே. ஹீமோகுளோபின் உனக்கும் ஒருமுறை பார்த்துக்கொள். ஊருக்கெல்லாம் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிற பெண் வெளிறிப் போய் நிற்கக் கூடாது.

அக்டோபர் 2 கிராம சபை. மரக்காணம் பேரூராட்சி, அங்கே கிராம சபை கிடையாது; ஆனால் உப்பளத்துக்குப் போகிற பெண்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் போகிறார்கள். அவர்கள் ஊர்ச் சபையிலேயே, அவர்கள் வாயாலேயே கேட்டுத் தீர்மானம் போட வைக்கலாம். அதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை விழுப்புரத்தில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகலாம், நானும் கூட வருகிறேன். நீ பார்த்ததை ஒரே பக்கத்தில், தமிழில், அந்தப் பெண்கள் கேட்டால் புரிகிற மாதிரி எழுதிக்கொண்டு கிராம சபைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடு. படித்துப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

உன் அன்பு அத்தை.